லீட்ஸ் யுனைடெட், 1974: 44 நாளில் முறிந்த ஒரு மேலாளர் நியமனம்

1974 ஜூலை இறுதியில், இங்கிலாந்தின் நடப்பு லீக் சாம்பியனான லீட்ஸ் யுனைடெட் கிளப் புதிய மேலாளர் ஒருவரை அமர்த்தியது. அவருக்கு வயது 39. ஆடிய காலத்தில் கோல்களைக் குவித்தவர். இரண்டே ஆண்டுக்கு முன்பு டெர்பி கவுண்டிக்கு அதன் வரலாற்றின் முதல் லீக் பட்டத்தை வாங்கித் தந்தவர். செப்டம்பர் 12ஆம் தேதி லீட்ஸ் அவரை வெளியே அனுப்பியது. பதவியில் இருந்தது 44 நாள். இதே மனிதர்தான் பிறகு 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார்.

வாய்த்துடுக்கால் வேலை போனது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பொய்யில்லை. ஆனால் அதே வாயை வைத்துக்கொண்டுதான் அவர் மூன்று கிளப்புகளைத் தூக்கி நிறுத்தினார். அதனால் அந்த ஒரு காரணத்தோடு இந்த நிகழ்வை மூடிவிட முடியாது.

ஆட்களை இங்கே பொறுப்பால் மட்டும் குறிக்கிறோம். கிளப், தேதி, தொகை, ஆட்ட முடிவு எல்லாம் நடந்தபடியே.

ஆட்டக்காரராக: 1955–1964

மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். 15 வயதில் பள்ளியை விட்டு ரசாயன ஆலையில் வேலைக்குப் போனார். கட்டாய ராணுவ சேவையை விமானப்படையில் முடித்துவிட்டு, சொந்த ஊர்க் கிளப்பில் சென்டர் ஃபார்வர்டாக ஆடத் தொடங்கினார். மிடில்ஸ்பரோவுக்கு 213 லீக் ஆட்டங்களில் 197 கோல்; 1961இல் சண்டர்லாந்துக்கு மாறிய பிறகு 61 ஆட்டங்களில் 54 கோல். மொத்தம் 274 ஆட்டம், 251 கோல். ஏறக்குறைய அத்தனையும் இரண்டாம் டிவிஷனில் (லீக்கின் இரண்டாவது அடுக்கு) அடித்தவை. இங்கிலாந்து அணிக்கு 1959இல் இரண்டே ஆட்டம், கோல் இல்லை.

1962 டிசம்பர் 26, ரோக்கர் பார்க் மைதானம், எதிரணி பரி. தரை உறைந்து வழுக்கிய நாள். பந்தைத் துரத்தி ஓடியவர் எதிரணி கோல்கீப்பரோடு மோதினார். வலது முழங்காலின் உள்பக்க லிகமென்டும் (எலும்புகளைப் பிணைக்கும் நார்), மூட்டுக்குள் குறுக்கே ஓடும் குருசியேட் லிகமென்டும் கிழிந்தன. கிழிந்த குருசியேட்டைப் புதிதாகக் கட்டும் அறுவை சிகிச்சை அன்று ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. மாவுக்கட்டு, பிறகு மாதக்கணக்கில் படிக்கட்டு ஏறி இறங்கும் பயிற்சி, அவ்வளவுதான். 1964 செப்டம்பரில் திரும்பி வந்து முதல் டிவிஷனில் மூன்று ஆட்டம் ஆடினார், ஒரு கோல் அடித்தார். அது லீட்ஸுக்கு எதிராக. அதோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது, வயது 29.

சண்டர்லாந்தில் இளையோர் அணியைப் பயிற்றுவிக்கும் வேலை கொடுத்தார்கள். பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கினார். ஆட முடியாத ஆத்திரத்தைப் பயிற்சியில் காட்டினார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மனதைப் படிக்கும் வேலை இங்கே வேண்டாம். காயம் பட்டுப் படுத்திருக்கும் வீரரிடம் அவர் பிற்காலத்தில் நடந்துகொண்ட விதத்தை மட்டும் கீழே பார்க்கலாம்.

கூட்டாளியும் முதல் வேலையும்: ஹார்ட்டில்பூல்ஸ், 1965–67

மிடில்ஸ்பரோ நாட்களில் ஒரு கோல்கீப்பர் இவருக்கு நெருங்கிய நண்பரானார். இவரைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆட்டக்காரரை எடைபோடுவதில் அவருக்கு அபாரமான கண். யார் எந்த இடத்தில் ஆட வேண்டும், யாரை விற்றுவிடலாம் என்று பார்ப்பது அவர் பங்கு. தேர்ந்தெடுத்தவர்களிடம் உள்ளதை எல்லாம் வெளியே கொண்டுவருவது இவர் பங்கு. அக்கால இங்கிலாந்தில் மேலாளர் என்றால் பயிற்சியாளர் மட்டுமல்ல. அணித் தேர்வு, வாங்கல் விற்றல், சம்பளப் பேச்சு, ஒழுங்கு எல்லாம் அந்த ஒரு நாற்காலியில் இருந்தன. இவர்கள் அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

1965 அக்டோபரில், 30 வயதில், நான்காம் டிவிஷனின் அடியில் கிடந்த ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட்டுக்கு மேலாளரானார். லீக்கில் தொடர மற்ற கிளப்புகளிடம் அடிக்கடி ஓட்டுக் கேட்டு நின்ற கிளப் அது. துணை மேலாளருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாததால், கூட்டாளி 'டிரெய்னர்' என்ற பெயரில் வாளியும் பஞ்சுமாகச் சேர்ந்தார். பணத்தட்டுப்பாட்டில், அணியின் பேருந்தைத் தானே ஓட்ட மேலாளர் உரிமம் வாங்கினார். மதுக்கடை மதுக்கடையாகப் போய் நிதி திரட்டினார். தலைவர் கூட்டாளியை வேலையைவிட்டு நீக்கப் பார்த்தபோது இவர் மறுத்தார்; இயக்குநர் குழுவுக்குள் நடந்த சண்டையில் தலைவரே வெளியேறினார். முதல் சீசன் 18ஆம் இடம், அடுத்தது 8ஆம் இடம்.

டெர்பி, 1967–73

1967 கோடையில் இருவரும் டெர்பிக்கு வந்தார்கள். இரண்டாம் டிவிஷனில் 17ஆம் இடத்தில் முடித்திருந்த அணி. வந்த கையோடு செயலாளர், மைதானப் பராமரிப்பாளர், தலைமைத் தேர்வாளர் எனப் பலரை நீக்கினார். தோற்ற நாளில் சிரித்தார்கள் என்று தேநீர் கொடுக்கும் பெண்கள் இருவரையும் விட்டுவைக்கவில்லை. இத்தனையும் செய்து அந்த சீசனில் அணி பிடித்த இடம் 18. முன்பைவிட ஒரு படி கீழே.

உண்மையான வேலை ஆட்டக்காரர்களை வாங்குவதில் நடந்தது. டிரான்மியரிலிருந்து 19 வயது சென்டர் ஹாஃப் (நடுத் தடுப்பாளர்) 24,000 பவுண்டுக்கு. 1968இல் டாட்டன்ஹாமிலிருந்து 33 வயது நடுக்களக்காரர் 5,000 பவுண்டுக்கு. இந்த இரண்டாவது ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். கால் வேகம் குறைந்துகொண்டிருந்த அந்த மூத்தவரை நடுக்களத்தில் ஓடவிடாமல் பின்வரிசைக்கு இறக்கி, பக்கத்திலுள்ள இளைஞர்களை வழிநடத்தச் சொன்னார்கள். ஓட்டத்தை மிச்சப்படுத்தி, அனுபவத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 1969இல் இரண்டாம் டிவிஷன் பட்டம். 1972இல் முதல் டிவிஷன் பட்டம்: டெர்பி 58 புள்ளி, லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி மூன்றுக்கும் 57.

1973 அக்டோபரில், தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் இவர் பேசியது தொடர்பாக இயக்குநர்களோடு மோதல் முற்றி இருவரும் ராஜினாமா செய்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதிய ஒரு பத்திரிகைப் பத்தி பின்னால் முக்கியமாகிறது. ஒழுங்கீனத்துக்காக லீட்ஸுக்கு 3,000 பவுண்டு அபராதம் விதித்து அதையும் நிறுத்திவைத்த கால்பந்துச் சங்கத்தைச் சாடி, லீட்ஸை இரண்டாம் டிவிஷனுக்கே இறக்கியிருக்க வேண்டும் என்று எழுதினார்.

பிரைட்டன், 1973–74

மூன்றாம் டிவிஷன் கிளப். மேலாளர் வீட்டை டெர்பியிலேயே வைத்துக்கொண்டு போய்வந்தார். எஃப்ஏ கோப்பையில் வால்டன் & ஹெர்ஷம் என்ற அமெச்சூர் அணியிடம் சொந்த மைதானத்தில் 0–4; சில நாளில் பிரிஸ்டல் ரோவர்ஸிடம் 2–8. சீசன் முடிவில் 19ஆம் இடம். கூட்டாளி கூடவே இருந்தும் இந்த நிலைதான். லீட்ஸ் தோல்விக்குக் கூட்டாளி இல்லாததை மட்டும் காரணம் காட்டுகிறவர்கள் இந்த எட்டு மாதத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

லீட்ஸ் எந்த நிலையில் இருந்தது

முந்தைய மேலாளர் 13 ஆண்டு இருந்தவர். 1974 ஜூலையில் இங்கிலாந்து தேசிய அணிக்குப் போனார். 1973–74 சீசனின் முதல் 29 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 62 புள்ளியோடு, லிவர்பூலைவிட 5 அதிகம் பெற்றுப் பட்டம் வென்றிருந்தார்கள். தனக்குப் பின் அணியின் மூத்த அயர்லாந்து நடுக்களக்காரரை நியமிக்கச் சொல்லியிருந்தார். இயக்குநர்கள் கேட்கவில்லை.

வெளியே தெரியாத பக்கம் வயது. கேப்டன் 31, அந்த நடுக்களக்காரர் 33, தடுப்பு வரிசையின் தூண்கள் 30ஐ ஒட்டியவர்கள். முக்கிய ஸ்ட்ரைக்கருக்கு முழங்காலில் காயம். 1974–75 சீசனில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை, பிறகு ஓய்வு பெற்றார். இடது விங்கர் நீண்டநாள் தொடைக் காயத்தில் இருந்தார். சாம்பியனாக வேறு ஆகிவிட்டதால் ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களும் காத்திருந்தன.

வீரர்கள் ஒரு முறைக்குப் பழகியிருந்தார்கள். ஒவ்வோர் எதிரணியைப் பற்றியும் எழுத்தில் அறிக்கை வரும். வெளியூர் ஹோட்டலில் சேர்ந்து பிங்கோ ஆடுவார்கள். மேலாளருக்கு எல்லாருடைய குடும்ப விவரமும் தெரியும்.

எடுத்த முடிவுகள்

முதலாவது, கூட்டாளி இல்லாமல் வந்தது. அவர் பிரைட்டன் தலைவருக்குக் கொடுத்த வாக்கை விட மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். டெர்பியில் உடனிருந்த மூத்த டிரெய்னர் மட்டும் லீட்ஸுக்கு வந்தார்.

இரண்டாவது, முதல் பேச்சு. வென்ற பதக்கங்களை எல்லாம் குப்பையில் போடுங்கள், எதையும் நேர்மையாக வெல்லவில்லை என்ற பொருளில் வீரர்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். காயத்தில் கிடந்த விங்கரிடம், நீ குதிரையாக இருந்தால் எப்போதோ சுட்டுப்போட்டிருப்பார்கள் என்றார். முழங்காலால் ஆட்டத்தை இழந்தவர் வாயிலிருந்து அது வந்ததை வீரர்கள் மறக்கவில்லை. ஒரு வாதம் இவர் பக்கமும் உண்டு: பத்தியில் எழுதியதை நேரில் மறைத்துப் பேசுவது இவர் வழக்கமில்லை. ஆனால் டெர்பியிலும் ஹார்ட்டில்பூல்ஸிலும் அப்படிப் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் காப்பாற்றிக்கொள்ளப் பதக்கம் எதுவும் இல்லை.

மூன்றாவது, முறையை ஒரே அடியில் மாற்றியது. எதிரணி அறிக்கைகள் நின்றன. இவருடைய பாணியில் எதிரணியைப் பற்றிய பேச்சு குறைவு. அணிக்கு ஐந்து பேர் ஆடும் பயிற்சி ஆட்டம், ஓய்வு, தெளிவான ஓரிரு கட்டளை, அவ்வளவே. பத்தாண்டுக்கும் மேலாக ஆட்டத்துக்கு முன் தகவல் வாங்கிப் பழகியவர்களுக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது.

நான்காவது, வாங்கல். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலிருந்து ஒரு ஃபார்வர்டு, சுமார் 2.5 லட்சம் பவுண்டு. டெர்பியிலிருந்து தன் பழைய ஆட்கள் இருவர், சேர்த்துச் சுமார் 1.25 லட்சம். இந்த இருவரில் நடுக்களக்காரர், ஹார்ட்டில்பூல்ஸில் சிறுவனாக இருந்த நாள்முதல் இவரிடம் ஆடியவர். லீட்ஸில் அவர் கேப்டன் ஆடும் இடத்திலேயே இறக்கப்பட்டார். லீட்ஸின் சொந்த மைதானமான எல்லண்ட் ரோடு கூட்டம் அவரைக் கேலிசெய்து கூச்சலிட்டது.

ஆட்டக்களத்தில்

ஆகஸ்ட் 10, வெம்ப்லி, சேரிட்டி ஷீல்டு (லீக் சாம்பியனும் எஃப்ஏ கோப்பை வென்ற அணியும் சீசன் தொடக்கத்தில் மோதும் ஆட்டம்), லிவர்பூலுடன். லீட்ஸ் கேப்டனும் லிவர்பூல் ஃபார்வர்டும் அடித்துக்கொண்டு வெளியேற்றப்பட்டார்கள். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்த காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. ஆட்டம் 1–1, பெனால்டியில் லீட்ஸ் 5–6 தோல்வி. இருவருக்கும் தலா 500 பவுண்டு அபராதம், செப்டம்பர் முடியும்வரை தடை. நடுக்களத்தின் மையமே போயிற்று. இதை மேலாளர் தலையில் கட்ட முடியாது. ஆனால் கேப்டன் களத்தில் இல்லாத வாரங்களில் அவருடைய இடத்தில் தன் ஆளைப் போட்டதால், கேப்டனைத் தன் பக்கம் இழுக்கும் வாய்ப்பு போனது.

லீக்: ஸ்டோக்கிடம் 0–3. குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் சொந்த மைதானத்தில் 0–1. பர்மிங்ஹாமை 1–0. மறுபடி ரேஞ்சர்ஸ், 1–1. மான்செஸ்டர் சிட்டியிடம் 1–2. லூட்டனுடன் சொந்த மைதானத்தில் 1–1. ஆறு ஆட்டத்தில் நான்கே கோல், நான்கே புள்ளி (வெற்றிக்கு அன்று இரண்டு புள்ளி), 19ஆம் இடம். அதன் பிறகு லீக் கோப்பையில் கீழ் டிவிஷன் ஹடர்ஸ்ஃபீல்டுடன் 1–1.

செப்டம்பர் தொடக்கத்தில் இயக்குநர்கள் வீரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். மேலாளரைப் பற்றி வீரர்கள் நம்பிக்கையின்மையை வெளிப்படையாகவே சொன்னார்கள். இயக்குநர்கள் வீரர்களிடம் மேலாளரைப் பற்றிக் கருத்துக் கேட்ட அந்தக் கணத்திலேயே அவருடைய பதவி போய்விட்டது. 12ஆம் தேதி நடந்தது கணக்குத் தீர்ப்பு மட்டும். அன்று மாலையே யார்க்‌ஷயர் தொலைக்காட்சியில் முந்தைய மேலாளரும் இவரும் அருகருகே உட்கார்ந்து நேரலையில் வாதிட்டார்கள். இவருக்குக் கிடைத்த இழப்பீடு சுமார் 98,000 பவுண்டு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

பிறகு

லீட்ஸ் அடுத்து எடுத்தது போல்டனிலிருந்து ஒரு மென்மையான மனிதரை, முன்னாள் இங்கிலாந்து கேப்டன். மனம் உடைந்திருந்த அணியைத் தேற்ற, வீரர்களையே நடிக்கவைத்து சிண்டரெல்லா கதையை நகர அரங்கு ஒன்றில் மேடையேற்றினார். ஏறக்குறைய அதே வீரர்களோடு 1975 மே மாதம் பாரிஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம்வரை போனார். பேயர்ன் மியூனிக்கிடம் 0–2. லீக்கில் 9ஆம் இடம். அதாவது அணி வயதாகிவிட்டது என்ற கணிப்பில் நீக்கப்பட்ட மேலாளர் தவறவில்லை. ஆனால் அந்த வயதான அணிக்குள் இன்னும் ஒரு பெரிய ஓட்டம் மிச்சம் இருந்தது.

நீக்கப்பட்ட மேலாளர் 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனார். இரண்டாம் டிவிஷனில் 13ஆம் இடம். டெர்பியிலிருந்து லீட்ஸுக்குக் கொண்டுவந்த இருவரையும் மொத்தம் 60,000 பவுண்டுக்கு அங்கே அழைத்துக்கொண்டார். அந்த சீசன் முடிவில் 16, அடுத்தது 8. 1976 ஜூலையில் கூட்டாளி வந்து சேர்ந்தார். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு எட்டாம் இடம் பிடித்ததே பெரிது என்பது அணியைப் பார்த்த அவருடைய கணிப்பு. கணிப்பு சொன்ன கையோடு பட்டியலும் போட்டார். எடை கூடி, விற்பனைப் பட்டியலில் கிடந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இடது விங்கில் அணியின் அச்சாணி ஆனார். பர்மிங்ஹாமில் ஃபார்வர்டாக ஆடிய முரடர் ஒருவர் சூதாடிக் கெட்டவர் என்று பேச்சு இருந்ததால், கூட்டாளி மாறுவேடத்தில் நாய்ப்பந்தய மைதானத்துக்கே போய் அவர் எவ்வளவு கட்டுகிறார் என்று பார்த்துவிட்டு வந்தார். வாங்கியபின் அவரைத் தடுப்பு வரிசையில் ஆடவிட்டார்கள். 1978இல் பத்திரிகையாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தார்கள். 1977இல் மூன்றாம் இடம் பிடித்து மேலேற்றம், 1978இல் லீக் பட்டம், பிறகு இரண்டு ஐரோப்பியக் கோப்பை. இரண்டையும் கேப்டனாக வாங்கியவர் எல்லண்ட் ரோடு கேலி செய்த அதே நடுக்களக்காரர்.

கூட்டாளி 1982இல் பிரிந்தார். அடுத்த ஆண்டு, டெர்பி மேலாளராக, அந்த ஸ்காட்லாந்து இடது விங்கரைச் சொல்லாமல் வாங்கியதில் உறவு அறுந்தது. 1990இல் அவர் இறக்கும்வரை இருவரும் பேசவில்லை. மேலாளர் தனியாக 1989, 1990இல் லீக் கோப்பை வென்றார், லீக் பட்டம் திரும்ப வரவில்லை. 1993இல் ஃபாரஸ்ட் கடைசி இடத்தில் கீழிறங்க, ஓய்வு பெற்றார். 2004இல் காலமானார்.

ஏன் நடந்தது

ஹார்ட்டில்பூல்ஸ் 18. டெர்பி 18. பிரைட்டன் 19. ஃபாரஸ்ட் 16. இவருடைய முதல் சீசன் எந்தக் கிளப்பிலும் நன்றாக இருந்ததில்லை, கூட்டாளி உடனிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இருக்கும் அமைப்பை உடைப்பார், ஆள் மாற்றுவார், ஆறேழு பேர் சரியான இடத்தில் உட்காரும்வரை அணி தோற்றுக்கொண்டிருக்கும். பலன் இரண்டாம் ஆண்டில் தொடங்கும். 18ஆம் இடத்தில் இருக்கும் கிளப்புக்கு இன்னொரு 18 வலிக்காது. சாம்பியன் கிளப் 19ஆம் இடத்தை ஆறு ஆட்டத்துக்கு மேல் பொறுக்காது. கூட்டாளி இருந்திருந்தால் வாங்கல் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும், வீரர்களோடு பேச ஒரு இடைவழி இருந்திருக்கும். முதல் சீசன் சரிவு அப்போதும் வந்திருக்கும் என்பதே எங்கள் கணிப்பு.

கூட்டாளி பிரைட்டனில் தனியாகச் செய்ததும் இதே வடிவம்தான்: முதல் சீசன் 19, இரண்டாவது 4.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மேலாளரைப் பொறுத்தவரை, பகிரங்கமாகத் திட்டிய அணிக்குப் போகும்போது முதல் பேச்சு கூட்டத்தில் வேண்டாம். கேப்டன், அந்த 33 வயது நடுக்களக்காரர், காயம்பட்ட இருவர் ஆகிய நால்வரையும் முதல் வாரமே தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். குறிப்பாக நடுக்களக்காரரை; இவருக்குக் கிடைத்த வேலைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் அவர். டெர்பியில் 33 வயதுக்காரருக்குச் செய்தது போலப் புதிய இடமும் பொறுப்பும் தரும் வழி இவர் கையிலேயே இருந்தது. லீட்ஸில் அதை எடுக்கவில்லை.

எதிரணி அறிக்கைகளைக் கிறிஸ்துமஸ்வரை ஓடவிட்டிருக்கலாம். செலவில்லை, தீங்கில்லை. வாங்கலைக் காயத்தால் காலியான இடங்களோடு, அதாவது முன்வரிசையோடும் இடது விங்கோடும், நிறுத்தியிருக்க வேண்டும். பழைய கிளப் ஆட்களைக் கேப்டன் தடை முடிந்து வந்தபின் கொண்டுவருவதே முறை.

இயக்குநர்கள் பக்கம் இன்னும் அதிகம். இருவராக வேலை செய்பவரை ஒருவராக எடுத்தார்கள். கூட்டாளி வருவது உறுதியாகும்வரை ஒப்பந்தத்தை நிறுத்திவைத்திருக்க வேண்டும். முதல் சீசன் கணக்குகள் எல்லாம் லீக் அட்டவணையில் அச்சாகிக் கிடந்தன. பார்த்திருந்தால், எத்தனை மாத மோசமான முடிவுகளைத் தாங்குவோம் என்று கையெழுத்துக்கு முன்பே தங்களுக்குள் முடிவுசெய்திருக்கலாம். தாங்க மாட்டோம் என்பது பதிலானால், போல்டனிலிருந்து பிறகு வந்தவரைப் போன்ற ஒருவரை ஜூலையிலேயே தேடியிருக்க வேண்டும். 98,000 பவுண்டும் மிஞ்சியிருக்கும். தாங்குவோம் என்பது பதிலானால், வீரர்கள் மேலாளர் மீது புகார் சொல்ல வந்தபோது இயக்குநர்கள் அந்த அறைக்குள் போயிருக்கவே கூடாது.